நடுவர் தீர்ப்புக்கு அப்பீல்!

பொங்கல் வந்தால் பெரம்பலூர், அரியலூர் பக்கத்துக் கிராமங்களில் கபடிப் போட்டி நடக்கும். பாடிப் போனவர் எதிராளியைத் தொட்டாரா, இல்லையா? கோட்டை மிதித்தாரா, இல்லையா? இந்தச் சண்டை இல்லாமல் போட்டி முடிவது அபூர்வம்.

ஒரு கட்சியார் "தொட்டுவிட்டார்" என்பார்கள். மறு கட்சியார் "காற்றுகூடப் படவில்லை" என்பார்கள். நடுவர் விசில் ஊதுவார். அவர் சொன்னதுதான் முடிவு. அப்பீல் கிடையாது.

பெரிய ஆட்டங்களில் இப்போது அப்படி அல்ல. நடுவரின் தீர்ப்பை எதிர்த்து ஆட்டக்காரர்களே அப்பீல் செய்யலாம். முன்சீப் கோர்ட்டில் தோற்றவர் மேல் கோர்ட்டுக்குப் போவதைப் போல!

அந்த மேல் கோர்ட்டு ஓர் அறையில் இருக்கிறது. அங்கே இன்னொரு நடுவர் டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்திருப்பார். பல காமிராக்கள் எடுத்த படத்தை மெதுவாக ஓட்டிப் பார்ப்பார். பிறகு தீர்ப்புச் சொல்வார்.

தெண்டுல்கர் அவுட்!

1992-ம் ஆண்டு நவம்பர் மாதம். தென் ஆப்பிரிக்காவில், டர்பன் நகரில் டெஸ்ட் போட்டி. ரன் எடுக்க ஓடிய தெண்டுல்கர், பாதியில் திரும்பினார். அதற்குள் பந்து வந்துவிட்டது. நடுவருக்குச் சந்தேகம். டெலிவிஷன் அறையைக் கேட்டார். "அவுட்" என்று பதில் வந்தது. இப்படிப் படம் பார்த்து அவுட் கொடுக்கப்பட்ட முதல் கிரிக்கெட் வீரர் தெண்டுல்கர்தான்.

அப்போது கேட்டவர் நடுவர். ஆட்டக்காரர் கேட்கும் உரிமை 2008-ல்தான் வந்தது. கொழும்பில் இந்தியாவுடன் நடந்த டெஸ்டில் இலங்கை வீரர் தில்ஷானுக்கு நடுவர் அவுட் கொடுத்தார். தில்ஷான் அப்பீல் செய்தார். பிழைத்தார். அதோடு விட்டாரா? அவுட் ஆகாமல் 125 ரன் அடித்தார்!

ஆனால் இஷ்டம்போல அப்பீல் செய்ய முடியாது. கிரிக்கெட்டில் 15 விநாடிக்குள் கேட்க வேண்டும். ஹாக்கியில் ஓர் அணிக்கு ஒரே ஒரு வாய்ப்புதான். கேட்டது சரியாக இருந்தால் வாய்ப்பு மிஞ்சும். தவறாக இருந்தால் போய்விடும். அரியலூர் வீரர் கார்த்தி செல்வம் 2022-ல் ஜகார்த்தாவில் பாகிஸ்தானுக்கு எதிராக இந்திய அணியில் அறிமுகமாகி, அந்த ஆட்டத்திலேயே கோல் போட்டாரே, அந்த ஹாக்கியில்தான் இந்தக் கண்டிப்பு.

அப்பீல் மேல் அப்பீல்

பெரம்பலூரும் அரியலூரும் முன்பு திருச்சி மாவட்டத்தில் இருந்தவை. ஆகவே திருச்சி அணி ஆடிய இந்த ஆட்டத்தை இந்தப் பக்கத்து ரசிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

2023 ஜூன் மாதம் கோவையில் தமிழ்நாடு பிரீமியர் லீக் போட்டி. திண்டுக்கல் அணியின் அஸ்வின் பந்து வீசினார். திருச்சி வீரர் ராஜ்குமாருக்கு நடுவர் அவுட் கொடுத்தார். ராஜ்குமார் அப்பீல் செய்தார். மட்டை தரையில் தட்டியது படத்தில் தெரிந்தது. "அவுட் இல்லை" என்றார் மூன்றாவது நடுவர்.

அஸ்வின் சும்மா இருக்கவில்லை. அந்தத் தீர்ப்பின்மேலும் அப்பீல் செய்தார்! அதே நடுவர், அதே படத்தை, மறுபடி பார்த்தார். மறுபடியும் "அவுட் இல்லை"தான்.

இத்தனை காமிரா இருந்தும் இந்தக் குழப்பம். கிராமத்துக் கபடியில் யாரோ ஒருவர் செல்போனில் எடுத்த படத்தை நீட்டி, "இதைப் பாருங்கள்" என்றால் நடுவர் என்ன செய்வார்? ஒரு பக்கத்தில் இருந்து பார்த்தால் தொட்டதுபோல் இருக்கும். மறுபக்கத்தில் இருந்து பார்த்தால் ஒரு சாண் இடைவெளி இருக்கும். அதை ஏற்காத நடுவரைக் குறை சொல்வதற்கில்லை.

அழுத நடுவர்

அதற்காகக் காமிராவே வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள்.

அங்கே பேஸ்பால் என்று ஓர் ஆட்டம். கிரிக்கெட்டுக்குப் பங்காளி முறை. 27 பேரையும் ஒருவர்கூட முதல் முனையைத் தொடாமல் வரிசையாக அவுட் ஆக்கினால், அது பந்து வீசுகிறவருக்குப் பெரும் புகழ். பெரிய லீக் போட்டிகளில் அதுவரை 20 முறைதான் அப்படி நடந்திருந்தது.

2010 ஜூன் 2-ந் தேதி, டெட்ராய்ட் நகரில் கலாராகா என்ற வீரர் 26 பேரை வரிசையாக அவுட் ஆக்கிவிட்டார். 27-வது ஆள் ஓடினார். அவர் முனையைத் தொடுவதற்கு முன்பே பந்து கலாராகாவின் கைக்கு வந்துவிட்டது. ஆனால் நடுவர் ஜிம் ஜாய்ஸ், "அவுட் இல்லை" என்று கையை விரித்தார்.

கலாராகா கோபப்படவில்லை. சிரித்துவிட்டு, அடுத்த ஆளை அவுட் ஆக்கினார்.

ஆட்டம் முடிந்தபின் ஜாய்ஸ் படத்தைப் பார்த்தார். திடுக்கிட்டார். கலாராகாவிடம் மன்னிப்புக் கேட்டார். மறுநாள் ஆட்டத்துக்கும் அவர்தான் நடுவர். ஆட்டக்காரர் பட்டியலைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தவர் கலாராகா. ஜாய்ஸ் கண்ணீரைத் துடைத்துக்கொண்டே வாங்கினார்.

2014-ல் அங்கேயும் இத்தகைய தீர்ப்புகளுக்கு அப்பீல் வந்தது. ஆட்டம் எந்த ஊரில் நடந்தாலும் படத்தை நியூயார்க்கில் வைத்துப் பார்க்கிறார்கள். கலாராகாவின் கணக்கை மட்டும் இன்றுவரை திருத்தவில்லை.