கல்லெழுத்தும் கணினித் தேடலும்

திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயிலில் சோழர், காடவர், பாண்டியர், போசளர், விசயநகர வேந்தர் எனப் பல மரபினர் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. கல்வெட்டறிஞர்கள் கல்லின்மீது ஈரத்தாளை ஒட்டித் தூரிகையால் தட்டி, மை ஒற்றி, அவற்றை மைப்படிகளாக எடுத்தனர். 1937இல் வெளிவந்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் எட்டாம் தொகுதியில் இவ்வூர்க் கல்வெட்டுகள் பல அச்சேறின. பி.ஆர். சீனிவாசன் பதிப்பித்த திருவண்ணாமலைக் கல்வெட்டுகளைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1990இல் வெளியிட்டது. கல், மைப்படி, நூல் என வளர்ந்த இவ்வரிசையில் அடுத்த படி கணினித் தேடல் ஆகும்.

சொல்லடைவும் தேடுபொறியும்

நூலின் இறுதியில் உள்ள சொல்லடைவு, ஒரு சொல் எந்தெந்தப் பக்கங்களில் வருகிறது என்பதைக் காட்டும். தேடுபொறியும் தேடும்போதெல்லாம் எல்லாப் பக்கங்களையும் படிப்பதில்லை. முன்கூட்டியே அமைத்த சொல்லடைவையே பார்க்கிறது. 1999இல் டக் கட்டிங் உருவாக்கிய லூசீன் என்னும் நிரல்தொகுப்பு இப்பணியைச் செய்கிறது. 2010இல் வெளிவந்த எலாஸ்டிக்சர்ச், லூசீனை அடிப்படையாகக் கொண்டு சொல்லடைவைத் துண்டுகளாக்கிப் பல கணினிகளில் பகிர்ந்து வைக்கிறது. இவ்வாறு ஒன்றாக இயங்கும் கணினிகளின் தொகுதி 'கொத்து' எனப்படும். இக்கணினிகளை விலைக்கு வாங்காமல், மேகக் கணிமை நிறுவனங்களிடம் மெய்நிகர் கணினிகளாக வாடகைக்குப் பெறலாம். எத்தனை கணினிகள், எவ்வளவு வட்டு, எவ்வகை வட்டு என்பவற்றை முன்னரே கணித்தல் வேண்டும். குறைத்துக் கணித்தால் தேடல் நின்றுபோகும். மிகுத்துக் கணித்தால் பொருள் வீணாகும்.

எவ்வளவு இடம் வேண்டும்?

ஒருங்குறியின் யுடிஎப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் இடம் கொள்ளும். 'திருவண்ணாமலை' என்பதில் எழுத்துகள் ஏழு. உயிர்மெய்க் குறியீடுகளையும் புள்ளியையும் சேர்த்துக் குறிகள் பன்னிரண்டு. எனவே அச்சொல்லுக்கு 36 பைட் தேவை.

கல்வெட்டுத் தொகுதிகளும் அவை சார்ந்த ஆய்வு நூல்களுமாக 50,000 நூல்கள், நூலுக்கு 200 பக்கங்கள், பக்கத்துக்கு 1,500 குறிகள் எனக் கொள்வோம். ஒரு பக்கத்துக்கு 4,500 பைட். ஒரு கோடிப் பக்கங்களுக்கு 45 ஜிகாபைட் ஆகும். சொல்லடைவின் அளவு மூலத்தைவிடக் கூடலாம், குறையலாம். சில ஆயிரம் பக்கங்களை ஏற்றி அளந்து பார்த்தலே நம்பத்தக்க வழி. இங்கு அதுவும் 45 ஜிகாபைட் என்றே வைத்துக்கொள்வோம். பக்கங்களின் ஒளிப்படங்கள் இக்கணக்கில் சேரா. அவற்றை மலிவான வேறு சேமிப்பகத்தில் வைப்பதே முறை.

ஒரு துண்டு 10 முதல் 50 ஜிகாபைட் வரை இருப்பது நலம் என்பர். ஆகவே 15 ஜிகாபைட் அளவில் மூன்று துண்டுகள் போதும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நகல் சேர்த்தால் ஆறு துண்டுகள், 90 ஜிகாபைட். மூலத்துண்டும் அதன் நகலும் ஒரே கணினியில் இருத்தல் கூடாது. மூன்று கணினிகளில் பகிர்ந்தால் ஒன்றுக்கு 30 ஜிகாபைட். அவற்றுள் ஒன்று பழுதானால் எஞ்சிய இரண்டும் 45 ஜிகாபைட் வீதம் தாங்கவேண்டும். வட்டு 85 விழுக்காடு நிறைந்தால், எலாஸ்டிக்சர்ச் இயல்பாக அதில் நகல் துண்டுகளைச் சேர்ப்பதில்லை. எனவே ஒவ்வொரு கணினிக்கும் குறைந்தது 53 ஜிகாபைட் தேவை. பின்னாளைய வளர்ச்சியையும் துண்டுகளின் உட்பகுதிகள் ஒன்றிணையும்போது வேண்டப்படும் தற்காலிக இடத்தையும் எண்ணி 100 ஜிகாபைட் வைப்பது தக்கது.

நினைவகத்தில் பாதிக்கு மேல் தேடல் மென்பொருளுக்கு ஒதுக்கலாகாது. எஞ்சியதில், அடிக்கடி படிக்கப்படும் பகுதிகளை இயக்கமைப்பு வைத்துக்கொள்ளும். அதனால் வட்டை நாடும் தேவை குறையும்.

எந்த வட்டு?

மெய்நிகர் கணினிக்கு இருவகை வட்டுகள் கிடைக்கும். ஒன்று, அக்கணினி இயங்கும் பொறியிலேயே பொருத்தப்பட்ட திண்மநிலை வட்டு. அது மிக விரைவானது. ஆயினும் வாடகைக் கணினியை நிறுத்தினால் அதிலுள்ளவை பொதுவாக அழிந்துவிடும். மற்றொன்று, வலைப்பின்னல் வழியே இணையும் வட்டு. அது வேகத்தில் சற்றுக் குறையலாம். ஆனால், கணினி நின்றாலும் தரவு நிலைக்கும். வேறு கணினியோடும் இணைக்கலாம். விரைவு முதன்மையானால், போதிய நகல்களோடு முன்னதைக் கொள்ளலாம். பராமரிப்போர் சிலராகவும் தேடுவோர் அளவாகவும் இருப்பின் பின்னதே பொருந்தும்.

தீபத் திருநாள் கணக்கு

திருவண்ணாமலையில் நாள்தோறும் வருவோர் தொகை வேறு. முழுநிலவு நாளில் 14 கிலோமீட்டர் மலைவலம் வருவோர் தொகை வேறு. கார்த்திகைத் தீபத்தன்று திரள்வோர் தொகை வேறு. அந்நாளில் ஊரின் பரப்பு வளர்வதில்லை. தற்காலிகப் பேருந்து நிலையங்களும் சிறப்புப் பேருந்துகளும் கூட்டத்தைத் தாங்குகின்றன. தேடல் கொத்தும் இத்தகையதே. தீபத்தன்று தேடுவோர் பெருகினாலும் நூல்கள் பெருகுவதில்லை. சேமிப்பை நூல்களின் அளவும், கணினிகளின் ஆற்றலைத் தேடுவோர் தொகையும் தீர்மானிக்கின்றன. விழாக் காலத்தில் மட்டும் கணினிகளையும் நகல்களையும் கூட்டிப் பின்னர்க் குறைத்துக்கொள்ளலாம். புதிய கணினிக்கு நகல் சென்றுசேரச் சிறிது நேரம் ஆகும். ஆகவே, மலையுச்சியில் தீபம் ஏற்றப்படும் மாலையில் இப்பணியைத் தொடங்குவதால் பயனில்லை. முன்னரே முடித்தல் வேண்டும்.

மூலம் எது?

சொல்லடைவு அழிந்தால் மூலப் பாடத்திலிருந்து அதனை மீண்டும் அமைக்கலாம். மூலமே அழிந்தால் எத்துணை விரைவான வட்டாலும் பயனில்லை. நகலும் மூலத்துக்கு முழு ஈடாகாது. தவறுதலாக ஒரு பாடத்தை நீக்கினால் நகலிலும் அது நீங்கிவிடும். ஆதலால், மூலப் பாடங்களைக் கொத்துக்கு வெளியே வேறோர் இடத்தில் காத்தல் இன்றியமையாதது.

இவ்வுண்மை கல்வெட்டுகளுக்கும் பொருந்தும். திருப்பணியின்போது மணல்வீச்சு முறையில் கற்களைத் தூய்மை செய்ததால், தமிழ்நாட்டுக் கோயில்கள் சிலவற்றில் எழுத்துகள் மங்கிப்போயின. அவ்விடங்களில் முன்னர் எடுத்த மைப்படியே மூலமாகிவிடுகிறது. மைப்படி இல்லாத கல்வெட்டு மீட்க முடியாததாகிறது. எதனை மீண்டும் உருவாக்கலாம், எதனை உருவாக்க இயலாது என்று பகுத்தறிவதே சேமிப்பகத்தைத் தேர்வதன் முதற்படி. வட்டின் வகையும் அளவும் அதற்குப் பின்னரே.