வெளிமாட்டைத் தட்டு!

சக்கரமும் சாலையும் – 14

சென்ற வாரம் சாதாரண டிஃபரன்ஷியலைப் பிரித்துப் போட்டுப் பார்த்தோம். கார் திரும்பும்போது வெளிச்சக்கரம் கூடுதல் தூரம் ஓட வேண்டும். இரண்டு சக்கரங்களுக்கும் இடையே ஒன்றரை மீட்டர் என்றால், ஒரு செங்கோணத் திருப்பத்தில் வெளிச்சக்கரத்துக்கு ஏறத்தாழ 2.4 மீட்டர் அதிக ஓட்டம். திருப்பம் பெரிதோ சிறிதோ, கணக்கு இதுதான். அந்த வித்தியாசத்துக்கு இடம்கொடுக்கப் பிறந்த பெட்டி, இழுவிசையை மட்டும் இரு பக்கமும் சமமாகவே பங்கிடும். வம்பு அங்கேதான் ஆரம்பம்.

பொம்மையார்பாளையத்தையே எடுத்துக்கொள்வோம். மரக்காணம் உப்பளங்களைத் தாண்டி, புதுச்சேரிக்குள் நுழைவதற்குச் சற்று முன்னால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வரும் மீனவர் ஊர். தெற்கே போகிறவருக்கு இடப்பக்கம் கடல். காற்று அள்ளிவரும் மணல் தார் விளிம்பில் படிந்து கிடக்கும். அங்கே ஓர் இடது வளைவில் ஒருவர் ஆக்சிலேட்டரை மிதிக்கிறார் என்று வையுங்கள். எடை வலப்பக்கம் சாய்கிறது. இடச் சக்கரம் லேசாகிறது, போதாததற்கு அடியில் மணல். அது வெட்டியாகச் சுற்றத் தொடங்கியதும், தாரை நன்றாகக் கவ்வியிருக்கும் வலச் சக்கரத்துக்கும் அதே சொற்ப விசைதான் போகும். நானூறு குதிரைத்திறன் எஞ்சின் இருந்தும் பயனில்லை.

இதற்குப் பழைய மருந்து லிமிடெட் ஸ்லிப். கிளட்ச் தகடுகள் இரு ஆக்சில்களையும் இறுக்கிப் பிடித்து, வேகமாகச் சுற்றும் சக்கரத்திடமிருந்து மெதுவாகச் சுற்றுவதற்கு விசையை மாற்றும். அந்த இறுக்கத்தை கம்ப்யூட்டர் கையில் கொடுத்தால் எலெக்ட்ரானிக் வகை. செங்கல்பட்டு அருகே மகிந்திரா சிட்டியில் பிஎம்டபிள்யூ 2007 முதல் கார் பூட்டிவருகிறது. 2021இல் அங்கிருந்து வெளிவந்த எம்340ஐ காரின் பின் ஆக்சிலில் இருப்பது இந்த வகைதான். மூன்று லிட்டர் எஞ்சின், 500 நியூட்டன் மீட்டர் டார்க். நல்ல கருவி, ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. சக்கரம் எதுவும் வழுக்காத சாதாரணத் திருப்பத்தில் மெதுவாக ஓடுவது உள்சக்கரம். அப்போது இறுக்கினால் விசை தவறான பக்கம் போய், காரின் மூக்கு வெளியே தள்ளும்.

ஏற்கெனவே வேகமாக ஓடும் வெளிச்சக்கரத்துக்கு இன்னும் அதிகமாகக் கொடுப்பது எப்படி? வண்டியோட்டிகளுக்கு இது தெரிந்த வித்தைதான். இடப்பக்கம் திரும்ப வேண்டுமென்றால் வலது மாட்டைத் தட்டிவிடுவார்கள். வண்டி தானாக உள்ளே வளையும். பொறியாளர்கள் அதைப் பற்சக்கரத்தில் சாதித்தது 1996இல். மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன் 4 காரின் பின் டிஃபரன்ஷியலில் கூடுதல் பற்சக்கரங்களையும் கிளட்சுகளையும் வைத்து, தேவைப்படும் பக்கத்துக்கு விசையைத் தள்ளினார்கள். ஆக்டிவ் யா கண்ட்ரோல் என்று பெயர். ஒரு பக்கச் சக்கரம் மற்றதைவிட 2000 நியூட்டன் அதிகமாகத் தள்ளினால், ஒன்றரை மீட்டர் அகலக் காரை 1500 நியூட்டன் மீட்டர் டார்க் தன் அச்சிலேயே திருப்பும், ஸ்டீயரிங்கை இம்மிகூடக் கூடுதலாக ஒடிக்காமல். கார் முறுக்கிக்கொண்டு உள்ளே பாய்கிறது என்று ஓட்டியவர்கள் வியப்பது இதைத்தான்.

திருவள்ளூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1998 முதல் லான்சர் தயாரித்தது பலருக்கு நினைவிருக்கும். நம் ஊர் லான்சருக்கு முன்சக்கரங்கள் மட்டுமே இழுக்கும், டிஃபரன்ஷியலும் சாதாரணம். ரேலிக்குப் பிறந்த அதன் அண்ணன் எவோ 10, இறக்குமதியாக 2010இல்தான் இந்தியா வந்தது, அதுவும் சொற்பப் பேர் வாங்கும் விலையில். இதற்கிடையே உலக ரேலியில் செலவு எகிறியதால், முன், பின் ஆக்சில்களில் இந்தக் கருவிகளை 2006 முதல் விதிகளே தடுத்துவிட்டன. ரேலிக்காரர்களிடம் பறித்ததைச் சாலைக்காரர்களுக்கு விற்கிறார்கள் என்று சொல்லலாம்.

2021 இறுதியில் இந்தியாவில் விற்பனைக்கு வந்த மெர்சிடிஸ் ஏஎம்ஜி ஏ45 எஸ் வேறு வழியில் போகிறது. பின்னால் சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டு கிளட்சுகள். எதை இறுக்குகிறதோ அந்தச் சக்கரத்துக்கு விசை. அமைப்பு எளிது, ட்ரிஃப்ட் விளையாட்டுக்கும் ஏற்றது. ஆனால் கிளட்ச் பங்கிடுவது எஞ்சினின் விசையைத்தான். வளைவின் நடுவில் நாய் குறுக்கே வந்து, பயந்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்த நொடியில் பங்கிடப் பெரிதாக எதுவும் மிஞ்சாது. அப்போது காப்பாற்ற வேண்டியது பிரேக்கும் டயரும். பந்தயத் தளத்தில் சுற்றுக்குச் சுற்று உராய்ந்தால் கிளட்சும் சூடேறும். சூடு மிஞ்சினால் கம்ப்யூட்டரே பிடியைத் தளர்த்திவிடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். விசையை இப்படிச் சக்கரத்துக்குச் சக்கரம் மாற்றிப் பங்கிடுவதற்கு டார்க் வெக்டரிங் என்று பெயர். ஆனால் பல விளம்பரங்களில் அந்தப் பெயரில் போட்டிருப்பது வெறும் பிரேக் வேலை. உள்சக்கரத்தை லேசாகப் பிரேக் போட்டுப் பிடிப்பது. உள்மாட்டின் மூக்கணாங்கயிற்றை இழுப்பது போல. கார் திரும்பும், மறுப்பதற்கில்லை. ஆனால் எஞ்சின் தந்த சக்தியில் ஒரு பங்கு சூடாகிப் போகிறது, பிரேக் பேடும் தேய்கிறது. தினமும் அலுவலகம் போகிறவருக்கு இதுவே போதும் என்பது என் கட்சி. ஐம்பது லட்சத்துக்கு மேல் கொட்டி வேகக் கார் வாங்குகிறவர் மட்டும் ஷோரூமில் ஒரு கேள்வியைக் கட்டாயம் கேட்க வேண்டும்: விசையைப் பங்கிடுவது கிளட்சா, பிரேக்கா? பதில் சொல்லத் தெரியாத விற்பனையாளரிடம், தெரிந்தவரை அழைத்துவரச் சொல்லுங்கள்.

எந்த வகையானாலும் டயருக்கு இல்லாத பிடிப்பை இது உண்டாக்காது. இருப்பதை நன்றாகச் செலவழிக்கும். அதனாலேயே எல்லையை வெகுநேரம் நம் கண்ணிலிருந்து மறைத்தும் வைக்கும். அந்த எல்லையைத் தேடிப் பார்க்க ஆசையிருந்தால் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளம் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளும் மீன் கூடைக்காரர்களும் குறுக்கே கடக்கும் பொம்மையார்பாளையம் சாலையில் தயவுசெய்து வேண்டாம்.

அடுத்த வாரம்: சக்கரத்துக்கு ஒரு மோட்டார் என்றால் டிஃபரன்ஷியல் எதற்கு?