மரத்தில் விழும் பிளவு

கோடை முற்றிய நாட்களில் வாயிற்கதவை உற்று நோக்கினால், மழைக்காலத்தில் காணப்படாத ஒரு மெல்லிய கோடு பலகையின் நடுவே ஓடுவதைக் காணலாம். பலர் உடனே மக்கு வாங்கி வந்து அதனை அடைத்துவிடுகின்றனர். அடுத்த ஆண்டு அதே இடத்திலோ அதற்கு அருகிலோ மீண்டும் பிளவு தோன்றுகிறது. "மரம் சரியில்லை" என்று பழியை மரத்தின்மேல் சுமத்துகின்றனர். பிளவின் காரணத்தை அறிந்த பின்னரே அதனை அடைக்க வேண்டும் என்பதை நாம் மனத்திற் கொண்டால், இவ்வீண் செலவும் உழைப்பும் நேரா.

மரம் ஏன் பிளக்கிறது?

அறுத்து, இழைத்து, வீட்டில் பொருத்திய பின்னரும் மரம் காற்றிலுள்ள ஈரத்தை ஏற்பதும் வெளிவிடுவதுமாகவே இருக்கிறது. ஈரம் ஏறினால் உப்புகிறது, உலர்ந்தால் சுருங்குகிறது. இச்சுருக்கம் எல்லாத் திசைகளிலும் ஒரே அளவினதன்று. பச்சைத் தேக்கு முற்றிலும் உலரும்போது, ஆண்டு வளையங்களின் போக்கில் நூற்றுக்கு ஏறத்தாழ 6 பங்கும், நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் ஏறத்தாழ 2.5 பங்கும் சுருங்குகிறது. நீளவாக்கில் சுருங்குவதோ மிக அற்பம். ஆகவேதான் பிளவு நாரின் வழியே நீளவாக்கில் ஓடுகிறது. பலகையின் முனைகளில் ஈரம் விரைந்து வெளியேறுவதால் பெரும்பாலும் அங்கேதான் அது தொடங்குகிறது.

நம் தச்சர்கள் இதனை நன்கறிந்தவர்கள். சட்டமிட்ட கதவுகளில் நடுப்பலகையைக் காடிக்குள் செருகி, ஒட்டாமலும் ஆணி அடிக்காமலும் விட்டுவிடுவர். பலகை உப்பவும் சுருங்கவும் அங்கே இடமிருக்கும். வண்ணம் பூசிப் பூசி அக்காடி இறுகிவிட்டாலும், கதவு ஆடுகிறதென்று எவரேனும் ஆணி அடித்துவிட்டாலும், பலகை சுருங்க வழியின்றி நடுவில் பிளக்கும். அந்நிலையில் ஆணியைப் பிடுங்கி, காடியில் உறைந்த வண்ணத்தைக் கத்திமுனையால் கீறி விடுவித்த பிறகே பிளவைக் கவனித்தல் வேண்டும்.

அடைக்குமுன்

பிளவின் இரு முனைகளிலும் பென்சிலால் சிறு குறியிட்டுத் தேதியை எழுதி வையுங்கள். ஓரிரு மாதங்கள் சென்றபின் பாருங்கள். குறியைத் தாண்டி வளர்ந்திருந்தால், மரம் இன்னும் உலர்ந்துகொண்டிருக்கிறது, அல்லது ஏதோ பாரம் அதனை அழுத்துகிறது என்று அறியலாம். பிளவிலிருந்து மாவு போன்ற தூள் உதிர்ந்தால் அது வண்டின் வேலை. தட்டும்போது உள்ளீடற்ற ஓசை எழுந்தால் கரையான் அரித்திருக்கக்கூடும். பூச்சியை ஒழிக்காமல் மேலே பூசுவதால் பயனில்லை.

கடுங்கோடையில் பிளவு மிக அகன்றிருக்கும். அப்பொழுது கெட்டியான மக்கால் நிரப்பினால், மழையில் பலகை உப்பும்போது அடைப்பு வெளியே தள்ளப்படும். அல்லது பக்கத்தில் புதுப் பிளவு உண்டாகும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, ஈரம் மட்டாயிருக்கும் தை, மாசி மாதங்களே இவ்வேலைக்கு ஏற்றவை.

அடைக்கும் முறைகள்

புதிதாகப் பிளந்து, அழுத்தினால் மூடிக்கொள்ளும் பிளவுக்கு மக்கு வேண்டா. மெல்லிய அட்டையின் விளிம்பால் வெள்ளைப் பசையை உள்ளே செலுத்தி, பலகையைச் சுற்றிக் கயிறு கட்டி, அதில் ஒரு குச்சியைச் செருகி முறுக்கினால் இரு பக்கமும் நெருங்கி வரும். பிதுங்கும் பசையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, ஒரு நாள் முழுதும் அசைக்காமல் விட வேண்டும். மழை படும் கதவுகளுக்கு, நீர்பட்டால் இளகும் சாதாரண வெள்ளைப் பசை ஆகாது. இரு குழாய்களில் வரும் எப்பாக்சிப் பசையே தகும்.

மூடாத சிறு பிளவுக்கு, அதே இன மரத்தின் நுண்ணிய தூளைப் பசையில் குழைத்து, சற்று மேடாக நிரப்புங்கள்; உலரும்போது அது அமுங்கும். பிறகு நாரின் போக்கிலேயே உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். அகன்ற பிளவில் தூள் நிலைக்காது. அதே மரத்தில் மெல்லிய சிம்பு சீவி, நாரும் நாரும் ஒரே போக்கில் அமையுமாறு பசையிட்டுச் செருகி, மிகுதியைச் செதுக்கிவிட வேண்டும்.

பருவந்தோறும் திறந்து மூடும் பிளவுக்குத் தேன்மெழுகு நல்லது. கொதிநீரில் வைத்த பாத்திரத்தில் உருக்கி ஊற்றினால், மரத்தோடு ஓரளவு இசைந்து கொடுக்கும். மெழுகின்மேல் வார்னிஷ் பற்றாது. ஆதலால் இதனைக் கடைசியிற் செய்க.

கருத்தில் கொள்ள வேண்டியவை

ஏணியின் படி, நாற்காலிக் கால், தொட்டில் தொங்கும் கட்டை, கூரை உத்தரம் போன்ற பாரந்தாங்கும் மரங்களில் பிளவை மூடிவிடுவது ஆபத்தை மறைப்பதாகும். அழகாகப் பூசப்பட்ட ஏணியை நம்பி ஏறுபவர் நம் பிள்ளையாகவே இருக்கலாம். இவற்றைத் தச்சரிடம் காட்டுங்கள், தேவையெனில் மாற்றிவிடுங்கள்.

பழைய வண்ணத்தைச் சுரண்டும்போதும் எச்சரிக்கை தேவை. வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருத்தலாகாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசியவற்றில் ஈயம் மிகுதியாக இருக்கக்கூடும். ஈயத்தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. எனவே நீர் தொட்டுத் தேயுங்கள். குழந்தைகளையும் கருவுற்ற பெண்களையும் அப்பால் இருக்கச் செய்யுங்கள். தூளைப் பெருக்காமல் ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள்.

இறுதியாக, கதவின் மேல்விளிம்பையும் அடிவிளிம்பையும் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத அவ்விடங்கள் பல வீடுகளில் பூச்சின்றியே இருக்கின்றன. ஈரம் அவ்வழியே புகுந்து அவ்வழியே வெளியேறுகிறது. கதவைக் கழற்றும்போது அவ்விரு விளிம்புகளுக்கும் இரு முறை வார்னிஷ் பூசிவிட்டால், நாம் செய்த பழுதுபார்ப்பு நெடுநாள் நிலைக்கும்.