சிற்றுருவும் சிறுபொழுதும்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் பணிபுரிவோர்க்கு ஓய்வுநேரம் நாள்தோறும் ஒரே வேளையில் வாய்ப்பதன்று. பணிமுறை மாறும்போது அதுவும் இடம் மாறும். பள்ளிப்பட்டு வரை செல்லவேண்டியவராயின் பயணமும் ஒரு பங்கைக் கொண்டுவிடும். எஞ்சிய பொழுதில் இரயில், கப்பல் முதலியவற்றின் சிற்றுருக்களைச் செய்வது பிள்ளை விளையாட்டென்று பெரியோர் சிலர் கருதலாம். அஃது அத்தனை எளிதன்று.

87-இல் ஒரு பங்கு என்னும் அளவையே எடுத்துக்கொள்வோம். 1676 மில்லிமீட்டர் கொண்ட நம் அகலப்பாதை அவ்வளவில் 19 மில்லிமீட்டருக்குச் சற்று மேலாகச் சுருங்கும். கடையில் கிடைக்கும் தண்டவாளமோ 16.5 மில்லிமீட்டர், அது 1435 மில்லிமீட்டர் கொண்ட ஐரோப்பியப் பாதைக்கு உரியது. 1856-இல் இராயபுரத்திலிருந்து திருவள்ளூர் வழியே வாலாஜா சாலைக்கு ஓடத் தொடங்கிய நம் இரயிலைச் செய்ய விழைபவர், ஒன்று தண்டவாளத்தையும் தாமே அமைக்கவேண்டும். அன்றேல் அவ்வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்ளவேண்டும். பொழுது குறைந்தவர்க்குப் பின்னதே தக்கது என்பேன்.

இரவுப்பணி முடித்த விழிகளோடு கூர்ங்கத்தியை எடுத்தலாகாது. அன்று உறுப்புகளைப் பிரித்து அடுக்குவதோடு நிறுத்தலாம். பூசிய வண்ணம் உலரும் நேரம் வேலைநாளோடு தானே பொருந்திவிடும். பசையின் ஆவிதான் தொல்லை. ஓரறை வீட்டில் குழந்தைகள் உறங்கும்போது அதைத் திறக்கவே கூடாது. வார விடுமுறை முழுவதையும் இதற்கே செலவிடுவது இல்லத்தார்க்கு இழைக்கும் அநீதி.

புனேயில் பாவ்சாகேப் ஜோஷி தம் ஆர்வத்தைப் பல்லாண்டு வளர்த்து, 1998-இல் சிற்றுரு இரயில் காட்சியகமாகவே திறந்தார். நமக்கு அத்தனை இடம் வேண்டா. மூடியுள்ள பலகைப்பெட்டி ஒன்று போதும். பணிக்குச் செல்லும் வேளை வந்ததும் பாதி வேலையோடு மூடிவைத்துப் புறப்படலாம்.