பாடகர் பட்டம் காக்கைக்கே

காக்கைக் கூட்டில் பொரித்து, காக்கை ஊட்டி வளர்ந்தாலும் ஆண் குயில் கூவத்தான் செய்யும், கரையாது. ஆக, அந்தக் குரல் வளர்ப்பால் வந்ததல்ல, பிறவியிலேயே அமைந்தது. அக்கம்பக்கத்துக் குயில்களைக் கேட்டுக் கற்றிருக்கலாமே என்பது நியாயமான கேள்விதான். ஆனால் கேட்டுக் கற்பதற்கான சிறப்பு மூளைப் பகுதிகள் பாட்டுப் பறவைகள், கிளிகள், ஓசனிச்சிட்டுகள் ஆகிய மூன்று கூட்டங்களில்தான் தெளிவாகத் தெரிந்துள்ளன. குயில் அவற்றில் சேராது. கற்கும் பறவைக்கு ஆசான் இல்லாவிட்டால் என்ன ஆகும்? 1950களில் கேம்பிரிட்ஜில் ஆய்வாளர் வில்லியம் தார்ப் தனியே வளர்த்த சாஃபிஞ்ச் என்ற பாட்டுப் பறவையின் குஞ்சுகள் அரைகுறைப் பாட்டே பாடின.

வேடிக்கை என்னவென்றால், விலங்கியல் வகைப்பாட்டில் காக்கைதான் பாட்டுப் பறவை, குயில் அல்ல. நம் காது இதை ஒப்பாதுதான். ஆனால் வகைப்பாடு இனிமையைப் பார்ப்பதில்லை. குரலுறுப்பின் தசையமைப்பையும் மரபுவழியையும் பார்க்கிறது. கேட்டுக் கற்கும் திறனும் காக்கைக்கு உண்டு: கூண்டில் வளர்ந்த காக்கை இனங்கள் மனிதப் பேச்சையே போலச்செய்வதுண்டு.