குரூப் 4: காஞ்சிபுரத்தில் ஒரே பெயரில் 2 கோயில்... குழப்பிக்காதீங்க!

குரூப் 4 தேர்வு எழுத 10-ம் வகுப்பு தேர்ச்சி போதும். 200 கேள்வி, 300 மதிப்பெண். அதாவது ஒரு கேள்விக்கு ஒன்றரை. லட்சக்கணக்கானோர் மோதும் தேர்வில் அந்த ஒன்றரை மதிப்பெண்ணே ரேங்க்கை மாற்றிவிடும். படித்ததையே குழப்பிக்கொண்டு அதைக் கோட்டைவிடலாமா?

காஞ்சிபுரத்தையே எடுத்துக்கோங்க. இந்த மாவட்டத்தில் வைகுண்டப் பெருமாள் கோயில் என்றால் எது?

ஒன்று, காஞ்சி நகரில் இருப்பது. 8-ம் நூற்றாண்டில் இரண்டாம் நந்திவர்ம பல்லவன் கட்டியது. பல்லவர் வரலாற்றைச் சொல்லும் சிற்பங்கள் இங்குதான் உள்ளன.

இன்னொன்று உத்திரமேரூரில் இருப்பது. முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) இந்தக் கோயில் சுவரில்தான் உள்ளன.

அதில் என்ன இருக்கு?

* ஊர் 30 குடும்புகளாக, அதாவது வார்டுகளாகப் பிரிக்கப்பட்டது.
* தகுதி: வயது 35 முதல் 70 வரை, வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி.
* கடந்த 3 ஆண்டுகளில் பதவி வகித்தவருக்கு வாய்ப்பில்லை. கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய உறவினருக்கும் தடை.
* பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள்.

இங்கே ஒரு விஷயம் முக்கியம். இது ஊரில் எல்லோரும் வாக்களித்த தேர்தல் அல்ல. பிராமணர் குடியிருப்பின் நிர்வாகத்துக்கான முறை. அந்த அமைப்பின் பெயர் 'சபை'. மற்ற கிராமங்களில் இருந்தது 'ஊர்'.

கோயில் பெயரை மட்டும் மனப்பாடம் பண்ணாதீங்க. இடம், மன்னர், காலம் மூன்றையும் சேர்த்துப் படிங்க. முடிந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி, இரண்டையும் நேரில் பாத்துட்டு வாங்க. அப்புறம் மறக்கவே மறக்காது!