'டிக்ளேர்' என்ற ஒரு சொல்லும் அதற்குள் இருக்கும் இரண்டு விதிகளும்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டக் கையேடுகளைக் கொஞ்ச நாளாகப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். கல்லூரியில் சேரும்போதே துறையை முடிவு செய்துவிடும் முறையில் படித்தவர்களுக்கு, அங்கே வரும் 'மேஜர் டிக்ளேர் செய்வது' என்ற விஷயம் புதுசாக இருக்கும். அங்கே பல இடங்களில் முதலில் பல்கலைக்கழகத்தில் சேர்கிறார்கள். ஒன்றிரண்டு வருடம் பலதையும் படித்துப் பார்த்துவிட்டு, இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் "இதுதான் என் முதன்மைப் பாடம்" என்று பதிவு செய்கிறார்கள்.

இதில் இரண்டு தனித்தனிப் பட்டியல்கள் உண்டு. மேஜருக்குள் நுழைய என்ன வேண்டும் என்பது ஒன்று. அதை முடிக்க என்ன வேண்டும் என்பது இன்னொன்று. சிக்கல் பெரும்பாலும் முதல் பட்டியலில்தான்.

நுழைவு விதி வைக்க இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, தயார்நிலை. கால்குலஸ் தெரியாமல் மேல்நிலை இயற்பியல் வகுப்பில் உட்கார்ந்தால் ஒன்றும் புரியாது, அதனால் அதை முதலில் முடி என்கிறார்கள். இன்னொன்று, இடப் பற்றாக்குறை. ஆசிரியர்கள் குறைவு, கேட்பவர்கள் அதிகம், யாரையாவது கழிக்கணும். இரண்டும் கையேட்டில் ஒரே மாதிரிதான் அச்சாகும்: இத்தனை பாடம், இத்தனை ஜிபிஏ.

பெர்க்லியை எடுத்துக்கொள்வோம். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் அந்த வளாகத்தில், கலை அறிவியல் கல்லூரி மாணவர்கள் கணினி அறிவியலை டிக்ளேர் செய்ய 3 பாடங்களில் சராசரி 3.3 எடுக்க வேண்டும் என்று 2023-க்கு முன் சில ஆண்டுகள் விதி இருந்தது. நிரலாக்க அடிப்படை, தரவுக் கட்டமைப்பு, டிஸ்கிரீட் கணிதம் ஆகியவைதான் அந்த மூன்று. பி பிளஸ் என்றால் 3.3, பி என்றால் 3.0. இரண்டு பாடத்தில் பி பிளஸும் ஒன்றில் பி-யும் வாங்கியவருக்குச் சராசரி 3.2 வரும். கதவு மூடிவிடும். அவருக்குப் பாடம் புரியவில்லை என்று யாராவது சொல்ல முடியுமா? அவருடைய தயார்நிலையில் குறையே இல்லை. இடம்தான் இல்லை. ஆனால் விதியைப் படிக்கும் பிள்ளை "எனக்குத் தகுதி இல்லை போல" என்றுதான் எடுத்துக்கொள்ளும். அதற்குள் ஒன்றரை வருடமும் ஓடியிருக்கும்.

2023 முதல் சேர்க்கையின்போதே கணினி அறிவியலுக்கு ஆள் எடுக்க ஆரம்பித்தார்கள். உள்ளே வந்தவருக்கு இனி அந்தப் பதற்றம் இல்லை. ஆனால் கதவு காணாமல் போகவில்லை, முன்னால் நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். பள்ளியில் கணினி வகுப்பே இல்லாமல் வந்து, முதல் செமஸ்டரில் அதன் மேல் ஆசைப்படுகிறவர் பிறகு தனியாக விண்ணப்பித்துத்தான் உள்ளே போக முடியும்.

சான்றிதழ் விஷயத்தில் குழப்பம் வேறு மாதிரி. சில மாதப் பயிற்சிக்கும் 'சர்ட்டிஃபிகேட்' என்கிறார்கள். விஸ்கான்சின்–மேடிசனிலோ, மற்ற இடங்களில் 'மைனர்' எனப்படும் துணைப் பாடத்துக்குத்தான் அந்தப் பெயர். அது பட்டத்தோடு சேர்ந்தே முடிய வேண்டும். சான்றிதழை முடிப்பதற்காகப் பட்டத்தைத் தள்ளிப்போட முடியாது என்பதும் அங்கே விதி. கடைசி செமஸ்டரில் "இன்னும் ஒரு பாடம்தானே பாக்கி" என்று கண்டுபிடிக்கிறவருக்கு இந்த ஒரு வரி எவ்வளவு முக்கியம் என்று யோசித்துப் பாருங்கள்.

என்னைக் கேட்டால், நுழைவு விதியை எழுதும்போது மூன்று கேள்விக்குக் கட்டாயம் பதில் இருக்க வேண்டும். இந்த மதிப்பெண் எதற்கு, தயார்நிலைக்கா, இடம் குறைவென்பதாலா? எந்தத் தேதிக்குள் தெரிய வேண்டும்? கிடைக்காவிட்டால், அதுவரை படித்த பாடங்களை வைத்து வேறு எந்த மேஜருக்குப் போகலாம்? முதல் கேள்விக்கு உண்மையைச் சொல்லக் கொஞ்சம் தயக்கம் இருக்கும். ஆனால் "இடம் இவ்வளவுதான்" என்று எழுதிவிட்டால், 3.2 வாங்கிய பிள்ளை தன்னையே குறைசொல்லிக்கொள்ளாமல் அடுத்த வழியைத் தேடப் போகும்.